மடிப்பில் வரைந்த வட்டங்கள்

பிப்ரவரி 6

மாஸ்டருக்கு,

தையல் கடையில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

போன ஞாயிறு போனில் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கு, நீ உன் வேலையைப் பாரு" என்றீர்கள். அதற்கு முந்தின ஞாயிறும் இதே பதில்தான். பதிவு செய்து வைத்துக்கொண்டு போடுகிறீர்களா? இனிமேல் கடிதம் எழுதுங்கள். போனில் உங்கள் குரல்தான் வருகிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. கடிதமென்றால் கை எப்படி இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிந்துவிடும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

நான் இங்கே வந்து சேர்ந்த இரண்டாம் மாதம் அங்கே டாக்டரம்மா உங்களுக்கு நடுக்குவாதம் என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் கிடக்கிறது. கடல் தாண்டி வந்து வேலை பார்க்கிற இந்த முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருக்கிற ஐயாவுக்கும் அதே நோய்தான். அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம், அங்கே உங்களுக்கு யார் போட்டுவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஊருக்கெல்லாம் சட்டை வெட்டிக் கொடுப்பவருக்குப் பொத்தான் போட ஆளில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இங்கே வாரம் ஒருமுறை ஒரு அம்மா வந்து மண்டலா வரையச் சொல்லித்தருகிறார். தாளுக்கு நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி இதழ்கள், இதழ்களைச் சுற்றி இன்னொரு வரிசை. இப்படியே வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. கோடு கோணினால் அடுத்த வரிசையும் அந்தக் கோணலை அனுசரித்துப் போகணுமாம். "அழகா வரணும்னு இல்ல. மூச்சு சீரா வந்தாப் போதும்" என்பார். ஐயாவால் தனியாகப் பென்சில் பிடிக்க முடியாது. நான் பின்னால் நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். முதலில் கை முரண்டு பிடிக்கும். இரண்டாவது வரிசைக்கு வரும்போது அவர் தோள் மெல்ல இறங்கும்.

நீங்களும் வரையுங்கள். வரைந்ததைக் கடிதத்தோடு அனுப்புங்கள். சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம்.

உங்கள் மேல் கோபமாக இருக்கும் மனைவி


பிப்ரவரி 24

மேஸ்திரி அம்மாவுக்கு,

உத்தரவு கிடைத்தது. இத்தனை தூரம் தள்ளிப் போயும் அதிகாரம் குறையவில்லை, சந்தோஷம்.

பென்சிலும் காம்பஸும் வாங்கப் போனேன். கடைப் பெண், "பையன் எந்த கிளாஸ் சார்?" என்றாள். "பையன் இல்லம்மா, நான்தான். புதுசா சேர்ந்திருக்கேன்" என்றேன். பாவம், சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் நான் போட்ட வட்டத்தைப் பார்த்திருந்தால் உருளைக்கிழங்கு என்று சொல்லியிருப்பாய். மூச்சு சீராகவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கோணினால் கோணலோடு போகணும் என்கிறாரே உன் மண்டலா அம்மா, அவர் ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிப் பார்க்கட்டும். கத்தரி ஒரு நூல் விலகினால் துணி போச்சு. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாம் நாள் பிடி கிடைத்துவிட்டது. தொழில் கைகொடுத்தது என்று வைத்துக்கொள். மூன்று படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுப் பேசு.

பொத்தானைப் பற்றிக் கவலைப்படாதே. மாடி வீட்டு பஸ் டிரைவர் டியூட்டிக்குப் போகும்போது எட்டிப் பார்த்துப் போட்டுவிடுகிறான். மேல் பொத்தானைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிவிடுகிறான் என்பது ஒன்றுதான் குறை.

மாஸ்டர்


மார்ச் 15

மாஸ்டருக்கு,

படங்களைப் பார்த்ததும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு ஓடி எல்லோரிடமும் காட்டினேன். "எங்க வீட்டுக்காரர் போட்டது" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். எட்டு இதழும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஒரு பிசிறு இல்லை. மண்டலா அம்மா, "உண்மையிலேயே நடுக்கம் இருக்கிறவரா?" என்று கேட்டார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. படத்தில் கோடு இவ்வளவு திடமாக இருக்கிறது. கடிதத்தில் எழுத்து ஏன் எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாகிக்கொண்டே போகிறது? முதல் பக்கத்துக்கும் கடைசி வரிக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஐயாவின் எழுத்தும் இப்படித்தான் சிறுத்ததாம், அவர் மகள் சொன்னாள். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜோக் அடிக்காதீர்கள்.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது எல்லாப் படத்தையும் எடுத்துப் போங்கள். மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று அவருக்கும் தெரியட்டும். மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 5

மேஸ்திரி அம்மாவுக்கு,

காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன்.

நீ சொன்னபடியே படங்களை எடுத்துப் போனேன். டாக்டரம்மா மேஜை முழுக்கப் பரப்பிப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களே போட்டதா? யாரும் உதவி பண்ணலையே?" என்றார். "உதவி பண்ண யாரு இருக்கா டாக்டர்? சம்சாரம் வெளிநாட்டுல இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மருந்து நல்லா கேக்குது. கூட்ட வேண்டாம், இதே அளவே போதும்" என்றார். ஒரு படத்தைத் தன் அறையில் ஒட்டிக்கொள்ளக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. முதலாளி ஒரு மாதமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கட்டிங் மெஷினைத் தொட்டாலே தொண்டையைச் செருமுவார். கடைசியில், "தப்பா நினைக்காதீங்க மாஸ்டர், டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார், கை நன்றாக இருக்கிறது, வேலை செய்யலாம் என்று. முதலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கு டீ சொன்னார்.

இப்போது பள்ளிச் சீருடை வேலை. துணியை அடுக்கடுக்காக ஒரு சாண் உயரத்துக்கு விரித்து, கரண்ட் கத்தியால் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் துணி நகராமல் பிடிப்பது நம் விரிப்புக்கார அம்மாதான், உனக்குத் தெரியுமே. கத்தியைப் பார்க்கவே மாட்டாள். மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பிடிப்பாள். மாஸ்டர் கை என்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்தக் கடிதத்தோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

மாஸ்டர்


ஏப்ரல் 25

மாஸ்டருக்கு,

உங்கள் படத்தை ஐயாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கல், எதையும் தடவித்தான் பார்ப்பார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினார். "என்னம்மா இது, சொரசொரன்னு குத்துது" என்றார்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாக் கோட்டிலும் சீரான இடைவெளியில் ஊசி ஓட்டைகள். தையற்காரர் பெண்டாட்டிக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அளவுத் தாளிலிருந்து துணிக்குக் கோட்டை மாற்ற உருட்டுவீர்களே, அந்தப் பல் சக்கரம். தாளை எட்டாக மடித்திருக்கிறீர்கள். காலையில் மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து ஒரே ஒரு இதழ் வரைந்திருக்கிறீர்கள். அதன்மேல் சக்கரத்தை அழுத்தி ஓட்டி, தாளைப் பிரித்து, ஓட்டைக்கு ஓட்டை சின்னச் சின்னதாகக் கோடு இழுத்து முடித்திருக்கிறீர்கள். சரிதானே?

என்னிடம் மறைத்தது போகட்டும். டாக்டரம்மா இந்தப் படங்களைப் பார்த்துத்தானே மருந்தைக் கூட்டவில்லை? இந்தப் படங்களை நம்பித்தானே கை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்? அவரிடம் எடுத்துப் போகச் சொன்னவளும் நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதுவரை அந்த மெஷினைத் தொடாதீர்கள். உங்கள் விரலுக்கு ஒன்று ஆனால்கூட உங்கள் பாடு, எதிரே அந்த விரிப்புக்கார அக்காவின் கை இருக்கிறது. நேற்று போனில் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் எத்தனை அடுக்கு வெட்டுவீர்களோ. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்?

உங்கள் மனைவி


மே 12

லைன் சரியில்லை என்றது பொய்தான்.

நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மடிப்பில் வரைவது எங்கள் தொழிலின் முதல் பாடம். இடது பாதியைத் தனியாகவும் வலது பாதியைத் தனியாகவும் வரைகிறவனை எந்தக் கடையிலும் மேஜைப் பக்கமே விடமாட்டார்கள். எட்டு இதழ் ஒன்றுபோல் வேண்டுமென்றால் எட்டாக மடிப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அதைத்தான் செய்தேன்.

டாக்டரம்மா கேட்டபோது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பாராட்டிவிட்டார். என்னைப் பார்த்து ஒருத்தர் "நல்லாயிருக்கு" என்று சொல்லி எத்தனை நாளாகிறது தெரியுமா உனக்கு? எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறார்கள். அன்று ஒருநாள் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மெஷினை விட்டுவிட்டு என்ன செய்யச் சொல்கிறாய்? கட்டிங் மாஸ்டர் வெட்டவில்லை என்றால் அந்தக் கடையில் அவனுக்கு வேறு என்ன வேலை? பொத்தான் தைக்கலாம் என்றால் எனக்குப் போடவே வரவில்லை.

நீ உன் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பூப்போடு. என் கையை விட்டுவிடு. ஏற்கெனவே விட்டுவிட்டுத்தானே போனாய்?


ஜூன் 2

மாஸ்டருக்கு,

உங்கள் கடைசி வரியை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் படித்தேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் நான் வந்தேன். கையெழுத்துப் போட்டது நான், பேனாவை எடுத்துக் கொடுத்தது நீங்கள். அப்போது உங்கள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் வந்திருப்பேனா?

மனசு கேட்காமல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு போன் செய்தேன். வரவேற்பில் இருக்கும் பெண், "பேஷண்ட் விஷயமெல்லாம் போன்ல பேசக் கூடாது மேடம், அவரையே வரச் சொல்லுங்க" என்றாள். "அவர் வரமாட்டேங்கிறாரேம்மா" என்றேன். "அப்ப நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இல்லத்து மேனேஜரம்மாவிடம் லீவு கேட்டேன். "உயிருக்கு ஆபத்தா?" என்றார். "உயிருக்கு இல்ல, கைக்கு" என்றேன். அப்படியொரு லீவு ஒப்பந்தத்தில் இல்லையாம். சொல்லும்போது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

உங்கள் முதலாளிக்கு எழுதினேன். உறையில் போட்டு ஒட்டிவிட்டுக் கிழித்துவிட்டேன். அனுப்பினால் உங்கள் மேஜை போய்விடும், என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டீர்கள். அனுப்பாவிட்டால் அந்த அக்காவின் கை. தினமும் காலையில் எழுந்ததும், இந்நேரம் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்புதான் முதலில் வருகிறது. மண்டலா அம்மா என்னைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஓரம்வரை வரைந்து முடித்தேன். ஒரு பயனும் இல்லை.

போனை எடுக்காவிட்டாலும் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஜூலை 9

மேஸ்திரி அம்மாவுக்கு,

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேலே படிக்க மாட்டாய்.

போன வாரம் சட்டையில் கை பொருத்துகிற கைக்குழி வளைவில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தேன். விரிப்புக்கார அம்மா வழக்கம்போல் மருமகள் புராணம் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பேச்சு நின்றது. என்னவென்று பார்ப்பதற்குள் கையை எடுத்துக்கொண்டுவிட்டாள். கத்தி என் கையோடு சேர்ந்து ஆடியிருக்கிறது. துணி அடுக்கு சரிந்தது. "என்னம்மா, பிடி" என்றேன். "இதோ மாஸ்டர்" என்று மறுபடி வைத்தாள். ஆனால் துணியின் கடைக்கோடியில், இரண்டு விரலை மட்டும். கண் கத்தியை விட்டு அகலவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மாஸ்டர். கை வேர்த்துப் போச்சு, அதான்" என்றாள்.

என் மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய். நீ எழுதியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை, அது உறைத்தது. சுவிட்சை அணைத்தேன். முதலாளியிடம் போய் அந்த டாக்டர் லெட்டர் செல்லாது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி துடைத்தார். இப்போது வேறொருவர் வெட்டுகிறார். பரவாயில்லை, சுமாராக வெட்டுகிறார்.

டாக்டரம்மாவிடமும் போனேன். எதிரே உட்கார்ந்து மடிக்காத தாளில் வட்டம் போட்டேன். ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த என் படத்தை அவரே எடுத்துப் பின்னால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்தைக் கூட்டியிருப்பேனே" என்றார்.

"கூட்டியிருந்தா நின்னிருக்குமா டாக்டர்?"

"நின்னிருக்காது. இத்தனை மாசம் கொஞ்சம் சௌகரியமா இருந்திருப்பீங்க."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஒரு பொத்தான் போட முடிகிறது.

வீட்டில்தான் இருக்கிறேன். மடிக்காமல் வரைகிறேன். தனியாக ஆவதில்லை. டாக்டரம்மா சொல்லிக் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவரும், யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் நல்லது என்கிறார். டிரைவர், "இது ஒரு வேலையா, நான் பிடிக்கிறேன் அண்ணே" என்று வந்து கியரைப் பிடிக்கிற மாதிரி பிடித்து ஒரு இழு இழுத்தான். வட்டம் தாளைத் தாண்டி மேஜையில் போய் நின்றது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

நீ அந்த ஐயாவின் கையை எப்படிப் பிடிக்கிறாய்? விவரமாக எழுது. அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். போன கடிதத்தில் ஒரு வரி எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

மாஸ்டர்


ஜூலை 30

என்னங்க,

உங்கள் கடிதத்தை மேனேஜரம்மாவின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துத்தான் படிக்க முடிந்தது. கடைசிப் பத்தியில் பாதி எழுத்து ஊகம்தான். இனிமேல் நீங்கள் சொல்லச் சொல்ல டிரைவரை எழுதச் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

மறுபடியும் லீவு கேட்டேன். ஆகவில்லை. இன்னும் ஒரு வருஷம். நான் வரும்போது உங்கள் கை எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐயாவுக்கு நேற்று சரியில்லை, ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தது அவர் கை, கண்ணில் தெரிந்தது உங்கள் கை. நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கீழே எழுதியிருப்பதை டிரைவர் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதும்போது அவர் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

தம்பி,

அவரை மேஜைக்கு நேராக உட்கார வையுங்கள். நீங்கள் எதிரே உட்கார வேண்டாம். பின்னால், அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் இடது கையை அவர் தோளில் வையுங்கள். அழுத்த வேண்டாம், அங்கே ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வலது உள்ளங்கையை அவர் மணிக்கட்டுக்கு அடியில் கொடுங்கள். விரல்களைப் பிடிக்காதீர்கள், பென்சில் அவர் பொறுப்பு. நீங்கள் இழுக்கக் கூடாது. அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கூடவே போங்கள். நடுக்கம் வந்தால் அடக்கப் பார்க்காதீர்கள், அடக்கினால் இன்னும் கூடும். உங்கள் கையும் சேர்ந்து ஆடட்டும்.

வட்டம் மூடாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நன்றாக வந்தது என்று சும்மா சொல்லாதீர்கள். அவர் கிண்டல் அடித்துக்கொண்டே இருப்பார். வலி அதிகமானால்தான் அதிகமாகக் கிண்டல் அடிப்பார், அப்போது நிறுத்திவிடுங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். தோள் இறங்கும்வரை. உங்கள் இடது கைக்கே தெரியும். சில நாள் இறங்காது. அன்றைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, சும்மா நின்றால் போதும்.

உங்களுக்கு பஸ் எடுக்க நேரமாகும். கிளம்ப வேண்டுமென்றால் கிளம்பித்தான் ஆக வேண்டும், அதை நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் "கையை எடுக்கப்போறேன் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.